தானே பிடிக்கும் பிரேக்: காப்புரிமை வழக்கில் சண்டை எதற்கு?

முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால், ஓட்டுநர் மிதிக்கும் முன்பே தானாகப் பிடிக்கும் பிரேக் இப்போது நடுத்தர விலைக் கார்களிலேயே வருகிறது. அதை வைத்து இரண்டு நிறுவனங்கள் நீதிமன்றம் போனால், செய்தியில் வருவது பெரும்பாலும் ஒரே வரி: ‘பிரேக் தொழில்நுட்பத்தைக் காப்பியடித்ததாக வழக்கு’. படிப்பவருக்கு இரண்டு சந்தேகம் வரும். எல்லா கம்பெனி வண்டியும் இதைத்தானே செய்கிறது, இதில் காப்பி எங்கே வந்தது? உயிர் காக்கும் கருவிக்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடலாமா? இரண்டுக்கும் விடை, காப்புரிமை ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் எண் போட்டு எழுதியிருக்கும் சில வாக்கியங்களில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கருவியைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

கருவி செய்யும் வேலை

ஏ.பி.எஸ். என்பது ஓட்டுநர் மிதித்த பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. ஏ.இ.பி. எனப்படும் தானியங்கி அவசர பிரேக், மிதிக்காமலேயே பிடிப்பது. இதில் மூன்று அடுக்குகள் உண்டு.

1. பார்ப்பது: பம்பருக்குப் பின்னால் 76–77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், முன்கண்ணாடிக்கு உள்ளே கேமரா. ரேடார் தூரத்தையும் வேகத்தையும் துல்லியமாகச் சொல்லும். எதிரில் இருப்பது ஆட்டோவா, ஆளா என்று சொல்வதில் கேமரா கெட்டி. கேமராவை மட்டும் வைத்து ஓடும் கருவிகளும் உண்டு.

2. முடிவெடுப்பது: தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் ‘மோதலுக்கான நேரம்’ கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். 40 மீட்டர் முன்னால் ஒரு லாரி நின்றால் மோதலுக்கு 2.4 நொடி. மெர்சிடிஸ் வெளியிட்ட பழைய விளக்கத்தில் இது மூன்று படி: 2.6 நொடியில் எச்சரிக்கை ஒலி, 1.6 நொடியில் பாதிக்கும் குறைவான பிரேக், 0.6 நொடியில் முழு பிரேக்.

3. பிடிப்பது: காரில், வண்டி சறுக்காமல் நிலைநிறுத்தும் இ.எஸ்.பி. யூனிட்டின் பம்ப்பும் சோலனாய்டு வால்வுகளும் சேர்ந்து பிரேக் ஆயில் அழுத்தத்தை ஏற்றும். பஸ், லாரியில் ஏர் பிரேக். அங்கே ஏ.இ.பி. கட்டுப்பாட்டகம், ஜே1939 என்ற பொதுத் தகவல் பாதையில் ‘இவ்வளவு வேகத்தைக் குறை’ என்று பிரேக் கட்டுப்பாட்டகத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். அதன் பெயர் எக்ஸ்.பி.ஆர்., வெளிப் பிரேக் கோரிக்கை.

ஏர் பிரேக்கில், சக்கரத்தருகே பிரேக்கை இயக்கும் சேம்பருக்குக் காற்று போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 0.4 நொடி தாமதம் என்றால், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 6.7 மீட்டர் போயிருக்கும். ஆகவே காரில் சரியாக வேலை செய்யும் கணக்கைப் பஸ்ஸில் அப்படியே போட முடியாது. கண்டுபிடிப்புக்கு இடம் கிடைப்பதே இந்த மாதிரி இடங்களில்தான்.

காலாவதியானவை, மிச்சமிருப்பவை

காப்புரிமைக்கு ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஹோண்டா, தானே பிரேக் பிடிக்கும் அமைப்பை 2003-லேயே ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. வால்வோ 2008-ல் மெதுவேக நகரப் போக்குவரத்துக்கென்றே ஒன்றைக் கொடுத்தது. ‘ரேடார் பார்க்கும், எச்சரிக்கும், பிறகு பிரேக் பிடிக்கும்’ என்ற அடிப்படை யோசனை அந்தக் காலத்துச் சொத்து. அதற்குக் காப்புரிமை இருந்திருந்தாலும் முடிந்திருக்கும்.

இன்று சண்டைக்கு வருபவை அதற்கு மேலே கட்டிய அடுக்குகள். முக்கியமாக, பிடிக்கக் கூடாத நேரத்தில் பிடிக்காமல் இருப்பது. பாலத்தின் இரும்பு இணைப்பும், வளைவில் நேரெதிரே தெரியும் மெட்ரோ தூணும் ரேடாருக்குத் தடையாகத் தெரியும். சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் இடப்பக்கமிருந்து குறுக்கே நுழையும் பைக், அடுத்த அரை நொடியில் வலப்பக்கம் போய்விடும். அதற்கெல்லாம் முழு பிரேக் போட்டால் பின்னால் வருகிற வண்டி வந்து இடிக்கும். ‘பொய் பிரேக்’ எனும் இந்தத் தொல்லையைக் குறைக்கும் வழிகளுக்குத்தான் நிறுவனங்கள் காப்புரிமை மேல் காப்புரிமை வாங்கி வைக்கின்றன.

உரிமைக்கோரல்: நான்கெல்லை

காப்புரிமை ஆவணத்தில் விவரணையும் வரைபடமும் பல பக்கம் இருக்கும். கடைசியில் ‘உரிமைக்கோரல்’ என்று எண் போட்ட வாக்கியங்கள். பேட்டன்ட் வட்டாரத்தில் எல்லோரும் ‘கிளெய்ம்’ என்றே சொல்வார்கள். கிரயப் பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நிலத் தகராறில் பார்ப்பது நான்கெல்லையைத்தான். இங்கே முதல் உரிமைக்கோரல்தான் நான்கெல்லை.

விளக்கத்துக்காக ஒன்றை நாமே எழுதிப் பார்க்கலாம். (கற்பனையான கோரல், எந்த நிறுவனத்துடையதும் அல்ல.)

‘ஒரு வாகனப் பிரேக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதில்:
அ) முன்னுள்ள பொருளின் தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அளக்கும் ரேடார்;
ஆ) அப்பொருளின் பக்கவாட்டு வேகத்தைக் கணிக்கும் கேமரா;
இ) மோதலுக்கான நேரத்தை ஒரு வரம்புடன் ஒப்பிடும் கட்டுப்பாட்டகம்;
ஈ) நேரம் வரம்புக்குக் கீழே போனதும், வேகம் குறையாத அளவுக்குச் சிறு அழுத்தத்தைப் பிரேக் லைனில் ஏற்றி வைத்தல்;
உ) பக்கவாட்டு வேகம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால் முழு பிரேக்கைத் தள்ளிப்போடுதல்.’

மீறல் என்று சொல்ல வேண்டுமானால் பொதுவாக இந்த ஐந்தும் எதிராளியின் வண்டியில் இருக்க வேண்டும். நான்கு இருந்து ஒன்று இல்லாவிட்டால், இல்லாத அந்த ஒன்று முக்கிய அம்சமா, அதற்குப் பதிலாக வைத்தது அதே வேலையை அதே விதத்தில் செய்கிறதா என்ற வாதம் தொடங்கும். எதிராளியின் வண்டியில் ரேடாரே இல்லை, இரட்டைக் கேமராவிலேயே தூரத்தைக் கணக்கிடுகிறார் என்றால் ‘அ’ ஆட்டம் காணும். ‘தூரம் அளக்கும் உணரி’ என்று எழுதியிருந்தால் கேமராவும் அதில் அடங்கியிருக்கும். ஆனால் எல்லையை அவ்வளவு அகலப்படுத்தினால் பழைய காப்புரிமைகள் உள்ளே வந்து விழும். அகலமாக எழுதினால் செல்லாமல் போகும் பயம், குறுக்கி எழுதினால் எதிராளி சுற்றிக்கொண்டு போகும் பயம். கோரல் எழுதுபவரின் திறமை இந்த இழுபறியில்தான் தெரியும்.

மென்பொருளுக்குள் இருப்பதை வெளியிலிருந்து காட்டுவது

வால்வு, டிஸ்க் மாதிரி பாகம் என்றால் கழற்றிக் காட்டலாம். ‘இ’யும் ‘உ’வும் எதிராளியின் சிப்புக்குள் இருக்கின்றன. மூல நிரலை அவர் கொடுக்கப்போவதில்லை. நீதிமன்றத்தைத் தன் பக்கம் ஓரளவு திருப்பிய பிறகே அதைக் கேட்க முடியும். அதனால் வழக்குக்கு முன்பே டெஸ்ட் டிராக்கில் ஆதாரம் திரட்ட வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு ‘இ’யை எடுப்போம். எப்போது பிடிப்பது என்று முடிவெடுக்க ஒரு வழி, மோதலுக்கான நேரம். இன்னொரு வழி, ‘இப்போதே பிடித்தால் எவ்வளவு கடுமையாகப் பிடிக்க வேண்டியிருக்கும்’ என்ற கணக்கு: வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுப்பது. ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அளந்து பார்த்தால் பிரிந்துவிடும். நிற்கும் தடையை நோக்கிப் போகும் கார் என்று வைத்துக்கொள்வோம்:

1. நேர வரம்பு 1.2 நொடி என்று வைத்த வண்டி: 30 கி.மீ. வேகத்தில் 10 மீட்டரிலும், 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரிலும் பிடிக்கத் தொடங்கும்.

2. தேவைப்படும் வேகக்குறைப்பு நொடிக்கு நொடி 5 மீட்டர் என்று வைத்த வண்டி: 30 கி.மீ. வேகத்தில் 6.9 மீட்டரிலும், 60 கி.மீ. வேகத்தில் 27.8 மீட்டரிலும் தொடங்கும்.

வேகம் இரட்டிக்கும்போது தூரம் இரண்டு மடங்கானால் முதல் வகை, நான்கு மடங்கானால் இரண்டாம் வகை. நிரலைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம். வண்டி இரண்டாம் வகையானால், நம் கற்பனைக் கோரலின் ‘இ’ அதில் இல்லை. வழக்கு போடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டியதுதான். உண்மை வண்டிகளில் இரண்டையும் கலந்தும் வைத்திருப்பார்கள். ஆகவே இரண்டு வேகத்தோடு நிறுத்தாமல் 20, 30, 40, 50, 60, 70 என்று ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வேகத்திலும் பல தடவை எடுத்தால்தான் வரைபடம் பேசும்.

சோதனை கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை:

1. ‘ஈ’யை வேக வரைபடத்தில் தேடுவது வீண். முன்கூட்டி ஏற்றும் அழுத்தம் பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளியை மூடும் அளவுதான், வண்டி வேகம் குறையாது. பிரேக் லைனிலேயே அழுத்த உணரி வைக்க வேண்டும். வைத்த பிறகு லைனைச் சரியாக பிளீட் செய்யாவிட்டால் (காற்றை வெளியேற்றாவிட்டால்) உள்ளே சிக்கிய காற்று அமுங்கி, அழுத்தம் சோம்பலாக ஏறும்; இருக்கிற ‘ஈ’ இல்லாததுபோலத் தெரியும்.

2. ஜி.பி.எஸ். பதிவு, அழுத்தப் பதிவு, வீடியோ மூன்றும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் 0.1 நொடி பிசகினால் 1.7 மீட்டர் பிசகும். மேலே சொன்ன 20 மீட்டரும் 27.8 மீட்டரும் தரும் தெளிவு அதில் கரையத் தொடங்கிவிடும்.

3. ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினாலோ ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ‘ஆள் விழிப்பாக இருக்கிறார்’ என்று பல கருவிகள் ஒதுங்கிக்கொள்ளும். பயத்தில் கால் அசைந்த ஓட்டங்களைத் தள்ளிவிட வேண்டும். தள்ளியதை அறிக்கையிலும் சொல்ல வேண்டும்.

4. வண்டியைக் கடையில் ரசீதோடு வாங்கி, மென்பொருள் பதிப்பு எண்ணைச் சோதனைக்கு முன்னும் பின்னும் குறித்து வைக்க வேண்டும். இணையம் வழியே அப்டேட் வரும் வண்டியில், நாம் சோதித்ததும் எதிராளி இன்று விற்பதும் வேறாக இருக்கலாம். குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பது இதைத்தான்.

லாரியிலும் பஸ்ஸிலும் வேலை சற்று எளிது. எக்ஸ்.பி.ஆர். செய்தியின் அமைப்பு வெளிப்படையான தரநிலையில் இருப்பதால், எந்த நொடியில் எவ்வளவு வேகக்குறைப்பு கேட்கப்பட்டது என்பதைத் தகவல் பாதையிலிருந்தே படிக்கலாம். கார்களில் அந்தச் செய்திகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியிடுவதும் இல்லை.

எதிர்த்தரப்பு வைக்கும் வாதங்கள்

‘நான் அதைச் செய்யவில்லை’ என்பது ஒரு பாதி. ‘உன் காப்புரிமையே செல்லாது’ என்பது மறுபாதி. நடைமுறையில் இதுதான் கனமானது. காப்புரிமை அலுவலகம் வழங்கிவிட்டது என்பதாலேயே அது செல்லும் என்று ஆகாது. காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 13(4) அப்படித்தான் சொல்கிறது. பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைத் தெளிவாக்கியது. அது லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு கருவியைப் பற்றிய வழக்கு. இன்றைக்கும் ரேடார் பிரேக் வழக்கு வரை மேற்கோள் காட்ட உதவும்.

பிரேக் காப்புரிமையைத் தாக்க வழக்கமாக மூன்று முனைகள்:

1. முன்பே தெரிந்தது. முன்னுரிமைத் தேதிக்கு (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதலில் விண்ணப்பித்த நாளுக்கு) முன் உலகில் எங்கே வெளியான ஆவணமும் போதும்: ஜப்பானியக் காப்புரிமை, பொறியாளர் மாநாட்டுக் கட்டுரை, காரின் சர்வீஸ் கையேடு. தேடுபவர்கள் பி60டி 7/22, பி60டபிள்யூ 30/09, ஜி08ஜி 1/16 என்ற வகைப்பாட்டு எண்களில் தொடங்கலாம்.

2. பிரிவு 3(எஃப்). தெரிந்த கருவிகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு அல்ல. ரேடாரும் பழசு, பிரேக்கும் பழசு என்ற வாதம் இங்கிருந்து வருகிறது.

3. பிரிவு 3(கே). அல்காரிதத்துக்கும் ‘வெறும்’ கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை. ஆனால் ஃபெரித் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2019-ல் சொன்னபடி, நிரல் ஒரு தொழில்நுட்ப விளைவைத் தந்தால் அது நிரல் என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது. பிரேக் லைனில் அழுத்தம் ஏறுவது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விளைவு. அதனால் என் கணிப்பில் 3(கே) பிரேக் வழக்குகளில் சத்தம் அதிகம், சரக்கு குறைவு. முதல் முனையில்தான் பல காப்புரிமைகள் விழும்.

சென்னையில் வழக்கு போகும் பாதை

ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர், அம்பத்தூர், பாடி என்று வண்டியும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் சூழ்ந்த ஊர் இது. காப்புரிமை அலுவலகத்தின் தென்னகக் கிளை கிண்டியில் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவு 2023-ல் செயலுக்கு வந்தது.

மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடங்கலாம். எதிராளி ‘காப்புரிமையை ரத்து செய்’ என்று எதிர்வழக்கு போட்டால், பிரிவு 104-இன்படி எல்லாம் உயர் நீதிமன்றத்துக்கு மாறும். உடனடித் தடை கேட்காத வணிக வழக்கு என்றால், வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ-படி முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். பெரும்பாலும் தடை கேட்டுத்தான் வருவார்கள், ஏனென்றால் உண்மையான ஆட்டம் இடைக்காலத் தடையில்தான். முகாந்திரம் இருக்கிறதா, தடை கொடுத்தால் யாருக்கு அதிகப் பாதிப்பு, பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியுமா என்று மூன்றையும் நீதிபதி எடை போடுவார்.

இந்தத் தடை எவ்வளவு புரட்டிப் போடும் என்பதற்குப் பிரேக் அல்லாத ஒரு சென்னை வழக்கே பாடம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் காப்புரிமை (எண் 195904) 2005-ல் வழங்கப்பட்டது. டி.வி.எஸ். 2007-ல் ‘ஃபிளேம்’ பைக்கை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக், ஆனால் இரண்டுக்குப் பதில் மூன்று வால்வு. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டி.வி.எஸ். விற்கலாம், கணக்கு மட்டும் சரியாக வைக்க வேண்டும் என்றது. இப்படிப்பட்ட வழக்குகளை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. கடைசியில் இரு நிறுவனமும் சமரசம் செய்துகொண்டது 2019-ல். வழக்கு ஓடிய காலத்தில் ஃபிளேம் சந்தையிலிருந்தே போய்விட்டது. வால்வு இரண்டா மூன்றா என்ற வித்தியாசம் எவ்வளவு தூரம் இழுத்ததோ, நாளை நேர வரம்பா வேகக்குறைப்புக் கணக்கா என்ற வித்தியாசமும் அவ்வளவு இழுக்கும்.

சட்டமே கட்டாயமாக்கினால் இலவசமா?

பெரிய பயணிகள் வாகனங்களுக்கும் சரக்கு வாகனங்களுக்கும் தானியங்கி அவசர பிரேக்கைக் கட்டாயமாக்கும் வரைவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் வெளியிட்டது. அதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 162. கட்டாயம் என்றால் காப்புரிமை கரைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரையாது. தரநிலை கேட்பது விளைவை: இந்த வேகத்தில் இந்தத் தடைக்கு முன் இவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று. ரேடார் வைத்தா கேமரா வைத்தா என்று அது பொதுவாகச் சொல்வதில்லை. ஒரு வழி பூட்டியிருந்தால் வேறு வழி தேடலாம்; தேட முடியாவிட்டால் உரிமக் கட்டணம் கட்டலாம்.

ரயிலில் இது ஏற்கெனவே நடந்தது. ரயிலைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பை அமெரிக்கா 2008-ல் சட்டமாக்கியது. அந்தத் துறையில் சீமென்ஸ் தொடுத்த வழக்கில், 2019-ல் டெலவேர் ஜூரி வாப்டெக் நிறுவனம் சுமார் 67 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது.

பொது நலனுக்கு நம் சட்டத்தில் வேறு வாசல் உண்டு. பிரிவு 99, 100-இன்படி அரசும் அரசு நிறுவனங்களும் தங்கள் தேவைக்குக் காப்புரிமை பெற்ற ஒன்றைப் பயன்படுத்தலாம். உரிமையாளருக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஒருநாள் மாநகரப் பஸ்களை வைத்து இப்படி ஒரு கேள்வி எழுந்தாலும் ஆச்சரியமில்லை.

நோட்டீஸ் வந்த சப்ளையர் பார்க்க வேண்டியவை

வாங்கி ஓட்டுபவர் மேல் யாரும் வழக்குப் போடுவது அபூர்வம். அடி விழுவது வண்டி செய்பவர் மேலும், அவருக்குப் பாகம் தருபவர் மேலும்.

1. காப்புரிமை இந்தியாவில் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா? ஜெர்மனியில் வாங்கியது இங்கே செல்லாது. இங்கே வாங்கியதும் ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் விழும். காப்புரிமை அலுவலக இணையத் தேடலில் எண்ணைப் போட்டால் நிலவரம் தெரியும்.

2. வழங்கியதை வெளியிட்டு ஓராண்டு ஆகவில்லையா? பிரிவு 25(2)-இன்படி அலுவலகத்திலேயே எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். நீதிமன்றத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

3. நோட்டீஸ் கையில் வந்த தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிய நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் அதற்கு முந்தைய விற்பனைக்கு நட்டஈடு கேட்க முடியாது (பிரிவு 111). தேதிக்குப் பிறகு அந்தக் காப்பு போய்விடும்.

4. கோரலின் ஒவ்வொரு அம்சத்துக்கும் எதிரே உங்கள் பாகத்தில் அது உண்டா என்று ஓர் அட்டவணை போடுங்கள். இல்லை என்று உறுதியானால், பிரிவு 105-இன்படி ‘மீறல் இல்லை’ என்று நீதிமன்றத்திடமே அறிவிப்பு கேட்கலாம். அதற்கு முன் உரிமையாளருக்கு முழு விவரத்துடன் எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

5. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘காப்புரிமை தொடர்பான எல்லா இழப்பையும் சப்ளையரே ஏற்க வேண்டும்’ என்று ஒரு ஷரத்து பெரும்பாலும் இருக்கும். நீங்கள் ரேடார் பிராக்கெட் மட்டும் தருபவராகவும், கோரல் முழு அமைப்பையும் பற்றியதாகவும் இருந்தால், உங்கள் பாகத்தோடு பொறுப்பைக் கட்டுப்படுத்தக் கேட்கலாம். பிறர் மீறலுக்குத் துணைபோவதைத் தனிக் குற்றமாகச் சொல்லும் பிரிவு நம் காப்புரிமைச் சட்டத்தில் இல்லை என்பது பேரத்தில் உதவும்.

6. மென்பொருளை மாற்றிச் சுற்றிப் போகலாம் என்று முடிவு செய்தால், அது இரண்டு வார வேலை என்று வாடிக்கையாளரிடம் வாக்கு கொடுத்துவிடக் கூடாது. பிரேக் முடிவெடுக்கும் வரம்பை மாற்றினால் ஒப்புதல் பெற்ற வண்டி மாறிவிட்டது என்று பொருள். பொய் பிரேக் சோதனை, ஈரத் தரை, சுமை ஏற்றியது, ஏற்றாதது என எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, ஓரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையத்தில் ஒப்புதலையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். டிராக் நேரம் கிடைக்கும் தேதியைக் கேட்டுவிட்டுப் பிறகு வழக்கறிஞரிடம் தேதி சொல்லுங்கள்.